மூன்றாம் வருடத்துப் பலகை

கடையில் தொங்கும்போது எல்லா வெட்டுப்பலகையும் சுத்தமானதுதான். தினமும் மீனும் கோழியும் வெட்டிய பிறகு எது சுத்தமாக இருக்கிறது?

இலங்கையின் புத்தளம் களப்பில் விடிகாலையில் பிடிபட்ட மீன், வெயில் ஏறுமுன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் வண்ணாத்திவில்லின் ஒழுங்கைகளுக்குள் வந்துவிடுகிறது. ஹோர்ன் சத்தம் கேட்டதும் சட்டியோடு ஒருவர் படலைக்கு வருகிறார். இன்றைக்குத் திரளி, கூடவே கொஞ்சம் இறால். குசினியில் குழாயடிச் சுவரில் சாத்தியிருந்த வெள்ளைப் பலகையை எடுக்கிறார்கள். வெள்ளை என்பது வாங்கிய நாளின் நிறம். இப்போது நடுவில் மஞ்சள் ஊறிக் கிடக்கிறது, கத்தி போன தடமெல்லாம் கறுத்த கோடாகிவிட்டது, விரலால் தடவினால் மேற்பரப்பு மயிர் மயிராய்த் தட்டுப்படுகிறது. செதில் பறக்கிறது, குடல் வழித்தெடுக்கப்படுகிறது, மீன் துண்டுகளாகிச் சட்டிக்குள் போகிறது. பலகையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. அடுத்து அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி. மீன் அடுப்பில் கொதிக்கப் போகிறது. சம்பல் கொதிக்கப் போவதில்லை.

வண்ணாத்திவில்லில் மட்டுமல்ல, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இந்தக் காட்சி இதுதான். ஆனால் இப்போது வீட்டுப் பேச்சில் அடிபடுவது மீன்நீர் அல்ல, நுண்பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பலகையில் வெட்டினால் பிளாஸ்டிக்கையே தின்கிறோம் என்று கைத்தொலைபேசியில் காணொளிகள் வருகின்றன. அடுத்த காணொளி மினுமினுக்கும் உலோகப் பலகையொன்றை விற்கிறது. அதற்கடுத்தது மூங்கில். மரம் அழுக்கு, பிளாஸ்டிக்தான் சுகாதாரம் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பிளாஸ்டிக் விஷம் என்கிறார்கள். குசினிக்குள் நிற்பவர் எதை நம்புவது?

பயம் எங்கிருந்து வந்தது

பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரையில், பொலித்தீன் வகைப் பலகையில் வெட்டுவதால் ஒருவருக்கு ஆண்டுக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரை நுண்பிளாஸ்டிக் சேரக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். பொலிப்புரொப்பிலீன் பலகைக்கு அந்த மதிப்பீடு 49.5 கிராம். அதற்கு முந்திய ஆண்டில், ஐக்கிய அரபு அமீரகத்துக் கடைகளில் வெட்டி விற்ற கோழியிலும் மீனிலும் பலகையிலிருந்து உதிர்ந்த துகள்கள் இருந்ததை வேறொரு ஆய்வுக் குழு காட்டியிருந்தது. இந்த எண்கள் செய்தியாகி, செய்தி காணொளியாகி, காணொளி விளம்பரமாகிவிட்டது.

ஆனால் 7.4க்கும் 50.7க்கும் இடையில் எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். வெட்டுபவரின் கைப்பலம், கத்தி, பலகை, வெட்டும் பொருள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும் கணக்கு இது. வெட்டிய காய்கறியைக் கழுவினால் துகள்களில் ஒரு பகுதி போய்விடும். வட டகோட்டா ஆய்வில், பொலித்தீன் துகள்களை எலியின் உயிரணுக்களோடு 72 மணிநேரம் வைத்துப் பார்த்தபோது அணுக்களின் உயிர்ப்பில் பாதிப்புத் தெரியவில்லை. அதற்காகத் துகள் தீங்கற்றது என்றாகிவிடாது. மூன்று நாள் சோதனை முப்பது வருடச் சாப்பாட்டுக்குப் பதில் சொல்லாது. ஆகவே நுண்பிளாஸ்டிக் என்ற ஒரே காரணத்துக்காகப் பலகையை மாற்றச் சொல்பவர் ஆதாரத்துக்கு மேலே பேசுகிறார். பலகையை மாற்ற அதைவிட வலுவான, பழைய காரணம் ஒன்று இருக்கிறது. துகள் எங்கிருந்து உதிர்ந்ததோ அந்தக் கீறலில்தான் அதுவும் இருக்கிறது.

பிளாஸ்டிக் பலகையின் பெருமையெல்லாம் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: அது எதையும் உறிஞ்சாது, கழுவினால் போய்விடும். புதுப் பலகைக்கு இது முழு உண்மை. ஆனால் எந்த வீட்டிலும் பலகை புதிதாகவே இருப்பதில்லை. வாங்கிய அன்றே முதல் கீறல் விழுகிறது, அன்றிலிருந்து அது தேய்ந்துகொண்டே போகிறது. எனவே ஒரு வெட்டுப்பலகையை அதன் மூன்றாம் வருடத்தில் வைத்து மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிட்டால், காய்ந்த, கனமான, நெருக்கமான மரம் வெல்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

■ பெட்டிச் செய்தி: ஆய்வுகூடம் கண்டது

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் மரப் பலகையை எப்படிக் கிருமிநீக்கம் செய்வது என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். மரம் மோசம் என்பதில் அவர்களுக்கு முதலில் சந்தேகமில்லை. 1994இல் வெளியான முடிவு நேரெதிராக இருந்தது. மரத்தில் விட்ட பக்டீரியா மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கியது; திரும்ப மேலே வரவில்லை; பெருகாமல் மெல்லச் செத்தது. மரத்தைப் பிளந்து பார்த்தால்தான் அதைக் காண முடிந்தது. கத்திக் கீறல் விழுந்த பழைய மரமும் புது மரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டன. பிளாஸ்டிக் அப்படியல்ல. புதியது எளிதில் சுத்தமானது. கீறல் விழுந்ததைக் கையால் கழுவிச் சுத்தமாக்க முடியவில்லை, அதுவும் கோழிக் கொழுப்புப் படிந்திருந்தால்.

கலிபோர்னியாவில் 1992இல் வெளியான இன்னோர் ஆய்வு, சல்மொனெல்லா தொற்றியவர்களின் வீட்டுக் குசினிகளை மற்றவர்களின் குசினிகளோடு ஒப்பிட்டது. மரப் பலகை பாவித்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு பாதிக்கும் குறைவு. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி பாவித்தவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

மரம் ஊறுமே என்பவர்களுக்கு

பெட்டியிலுள்ள கலிபோர்னிய ஆய்வை அளவாக நம்ப வேண்டும். மரப் பலகை வைத்திருப்பவர் வேறு விதத்திலும் கவனமான சமையற்காரராக இருந்திருக்கலாம்; இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் அதன் பொருள், ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதல்ல. விஸ்கான்சின் ஆய்வு அப்படியல்ல. அது கட்டுப்பாட்டோடு செய்த பரிசோதனை, அதன் காரண விளக்கம் எளிது. மரத்தின் நார்க்குழாய்கள் ஈரத்தை இழுக்கின்றன. ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகிறது. ஈரம் காயும்போது கிருமி காய்ந்து சாகிறது. மரம் உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மை. உறிஞ்சிய பின் என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை என்பதே பிழை.

இந்த விளக்கத்துக்குள்ளேயே மரத்தின் பலவீனமும் இருக்கிறது. காய்ந்தால்தான் அது வேலை செய்யும். இரவு முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்ட மரம், ஈரத் தரையில் படுக்கையாகக் கிடக்கும் மரம், அடியில் பூஞ்சணம் பிடித்த மரம், இவற்றுக்கு எந்த ஆய்வும் சான்றிதழ் கொடுக்கவில்லை. வெடித்த மரமும் அப்படித்தான். வெடிப்பு என்பது நார்க்குழாய் அல்ல, அதற்குள் இறங்கும் மீன்நீர் வெறும் குழியில் தேங்கும் மீன்நீர். மழை விடாத ஒரு மலைநாட்டுக் குசினியில், காற்றில்லாத அடுக்குமாடி ஒன்றில், மரத்தைப் பரிந்துரைக்கக் கொஞ்சம் தயங்கலாம். வண்ணாத்திவில்லு உலர் வலயத்தில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் களப்புக் காற்றும் உள்ள இடத்தில், நிமிர்த்தி வைத்த பலகை அடுத்த சமையலுக்குள் காய்ந்துவிடும். மரப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. கொளுத்தும் வெயிலில் நேராகப் போட்டால் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

அடுத்த ஆட்சேபம்: அப்படியானால் ஹோட்டல்கள் ஏன் பிளாஸ்டிக் பாவிக்கின்றன? இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்களே? நியாயமான கேள்வி. ஹோட்டலில் பலகை கொதிநீர் இயந்திரத்துக்குள் போகிறது, குளோரின் கரைசலில் மூழ்குகிறது, கீறல் கூடினால் கழித்துவிடப்படுகிறது, கணக்கெழுத ஒருவர் இருக்கிறார். பிளாஸ்டிக் பாதுகாப்பானது என்றால் இத்தனையும் சேர்ந்த பிளாஸ்டிக் பாதுகாப்பானது. வீட்டில் பலகை மட்டும் வந்து சேர்ந்தது, மற்றது எதுவும் வரவில்லை. ஹோட்டலிலிருந்து வீடு எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை அல்ல, பிரிப்பை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவும் இன்று வீடுகளுக்குச் சொல்வது இதுதான்: மரமும் சரி, பிளாஸ்டிக்கும் சரி, பச்சை இறைச்சிக்கு ஒன்று, அப்படியே சாப்பிடுபவற்றுக்கு வேறொன்று.

கண்ணாடி, உலோகம், மூங்கில்

இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கண்ணாடியும் கருங்கல்லும் கழுவ எளிது, கிருமிக்கு இடமில்லை. ஆனால் கத்தியின் முனையைச் சில நாட்களில் மழுக்கிவிடும், மீன் வழுக்கும். மொட்டைக் கத்தியை அழுத்தி வெட்டுபவர்தான் விரலை வெட்டிக்கொள்கிறார். டைட்டேனியம் என்று விளம்பரமாகும் தகடுகளிலும் கத்தி படுவது உலோகத்தில்தான். விலையைத் தவிர அதில் வியக்க ஒன்றுமில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க நல்ல பொருள். மூங்கில் மரமல்ல, புல். கீற்றுகளைப் பசையால் ஒட்டிப் பலகையாக்குகிறார்கள், அதில் மணற்சத்து இருப்பதால் கத்தி சீக்கிரம் தேயும். மெல்லிய மூங்கில் பலகை பழம் வெட்ட நன்றாக இருக்கும். மீன்தலை கொத்த அது ஆகாது.

எந்த மரம்?

இறைச்சிக் கடைக்காரரிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: புளி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் இறைச்சிக் குத்திக்குப் புளியமரத்தையே தேடுகிறார்கள். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவுபடாது. கனமானது, கத்திக்குக் கீழே துள்ளாது. குறுக்காக அறுத்த வட்டக் குத்தியில் நார் நிமிர்ந்து நிற்பதால் கத்தி நார்களுக்கிடையில் இறங்கி வெளியே வருகிறது. குத்தியும் குறைவாகக் காயப்படுகிறது, கத்தியும் மெதுவாகத்தான் கூர் இழக்கிறது. ஒரு கவனம்: வெளிர் மஞ்சளான வெளிமரத்தை வண்டு துளைக்கும். கருஞ்சிவப்பு வைரம் கூடுதலாக உள்ள துண்டைப் பார்த்து எடுக்க வேண்டும். பச்சைமரத்தை அறுத்தவுடன் பாவித்தால் வெடிப்பது நிச்சயம். பல மாதங்கள் நிழலில் உலர விட வேண்டும். மேற்பரப்பு கரடாகிவிட்டால் ஓடாவியிடம் கொடுத்து ஒரு சீவு சீவினால் புதுப் பலகை. மூன்றாம் வருடத்தில் பிளாஸ்டிக்கை இப்படி மீட்க முடியாது.

புளி கிடைக்காதவர்களுக்கு ரப்பர் மரம் உண்டு. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு தோட்டத்தில் எப்படியும் தறிக்கப்படும் மரம் அது. பலகைக்கென்று ஒரு மரம் கூடுதலாக விழுவதில்லை. பலா அழகு, வேலைக்கும் இசைவு. ஆனால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. பழைய கதவு, கட்டில் உடைத்த பலாப்பலகை கிடைத்தால், பொலிஷ் பூச்சு முழுவதையும் சீவியெடுத்த பின் பாவிக்கலாம். வேப்பம் பலகைக்கு மருத்துவ குணம் உண்டென்று கூடிய விலை சொல்கிறார்கள். காய்ந்த மரம் கிருமியைக் கொல்வது மருந்தால் அல்ல, வறட்சியால் என்பதை மேலே பார்த்தோம். வேம்புக்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. தென்னையும் பனையும் வேண்டாம், சிலும்பு உதிரும்.

மரம் என்று சொன்னவுடன் காடு எழுந்து நின்று கேள்வி கேட்கும், வண்ணாத்திவில்லில் அது பேச்சுக்காகச் சொல்வதல்ல. பிரதேசத்தின் வடக்கே வில்பத்து, 1938இல் தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. பாலையும் முதிரையும் அங்கே நிற்கின்றன; இரண்டும் வைரம் பாய்ந்த மரங்கள், இரண்டுக்கும் கள்ளச் சந்தை உண்டு. பாலைப் பழம் கரடியின் உணவு. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பாலைத் துண்டில் செய்த பலகை எவ்வளவு உறுதியானாலும் வாங்கத் தகாது. முதிரைக்கு இன்னொரு குறையும் உண்டு: அதன் தூள் சிலருக்குத் தோல் அழற்சி தரும். புளியின் பெரிய நன்மை இங்கேதான். அது காட்டுக்குள் மட்டும் நிற்கும் மரமல்ல, வளவிலும் தெருவோரத்திலும் நிற்கிறது. ஒரு கொப்பு முறிந்தால் நாலு வீட்டுக்குக் குத்தி கிடைக்கும்.

■ பெட்டிச் செய்தி: பலகைக்கு ஆகாத மரம்

சாமான் வரும் பெட்டிப் பலகையிலும் தட்டுக்கட்டையிலும் 'எம்பி' என்ற ஆங்கில முத்திரை இருந்தால் அது மீதைல் புரோமைட்டுப் புகையூட்டியது. குசினிக்கு எடுக்க வேண்டாம். 'எச்டி' என்பது சூடேற்றியது. அதிலும் முன்பு என்ன சிந்தியது என்று யாருக்குத் தெரியும்? பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் தார் எண்ணெய் ஊறியிருக்கும். ஒட்டுப்பலகையும் மரத்தூள் பலகையும் ஈரத்தில் பிரிந்து பசையை உணவில் கலக்கும். வார்னிஷ் பூசிய எதுவும் வேண்டாம்.

வீசிய பலகை போகும் இடம்

பிளாஸ்டிக்குக்காகப் பேசுபவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: கீறல் கூடினால் மாற்றிவிடுங்கள். சரிதான். மாற்றிய பழையது எங்கே போகிறது? கொழும்பின் குப்பைக்கென்று ஒதுக்கிய முகவரி ஒன்று வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகு நகரின் குப்பைக்கு இடம் தேடிய பயணம், ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தள்ளி, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழிகளில் வந்து முடிந்தது. புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தார்கள். 2019 ஆகஸ்டில் குப்பை வரத் தொடங்கியது. பக்கத்தில் வில்பத்து, இன்னொரு பக்கத்தில் களப்பு, அடியில் நிலத்தடி நீர் தேங்கும் சுண்ணக்கல்.

பலகை செய்யும் அதே பொலித்தீன் இந்த மேற்குக் கரையை இன்னொரு வழியாகவும் தொட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியபோது, அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து கரையெங்கும் ஒதுங்கின. தொழிலுக்குப் போகாதே என்று தடை வந்தது, மீன் வாங்க ஆளில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு விதித்தது. வீட்டுப் பலகையையும் கப்பல் விபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் தன் கடலில் பிளாஸ்டிக் விழுந்ததால் வருமானம் இழந்த கரைக்கு, அந்தக் கடலின் மீனைப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்து வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் இதில் உதவாது. 2023 ஒக்டோபரிலிருந்து உறிஞ்சுகுழாய், யோகட் கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு வரை பிளாஸ்டிக்கில் தடையாயின. வெட்டுப்பலகை அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஒருமுறை பாவித்து எறியும் பொருளல்ல அது. இங்கே முடிவு செய்ய வேண்டியவர் குசினிக்காரர்தான். வசதியில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். கையிலிருக்கும் பிளாஸ்டிக் பலகையை இன்றே எறியச் சொல்லவில்லை. எறிந்தால் அதுவும் ஒரு குப்பைக்குழிக்குத்தான் போகும். கீறல் குறைந்த பக்கத்தைத் திருப்பிப் பாண் வெட்டவும் பழம் வெட்டவும் வையுங்கள். பச்சை மீனையும் கோழியையும் அதில் ஏற்றாமல் விட்டால் போதும்.

கழுவும் முறை

எந்தப் பொருளானாலும் கழுவாவிட்டால் இவ்வளவு வாதமும் வீண். கடல் மீனிலும் இறாலிலும் நண்டிலும் வரும் விப்ரியோ வகைக் கிருமி உப்பை விரும்புவது. நல்ல தண்ணீரில் நன்றாக அலசினாலே அது வெகுவாகக் குறையும். கடல்நீரிலோ உவர்க் கிணற்று நீரிலோ அலசினால் அந்தப் பலன் கிடைக்காது. கடைசி அலசலாவது குடிநீராக இருக்க வேண்டும். கோழியின் சல்மொனெல்லாவுக்கு அது போதாது, சவர்க்காரமும் சூடான நீரும் தேவை. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் பிசுக்காகப் பலகையில் படியும். அங்கே பாத்திரம் கழுவும் திரவமே நல்லது. பிளாஸ்டிக் பலகைக்கு, வாசனையில்லாத குளோரின் திரவம் ஒரு மேசைக்கரண்டியை ஏறக்குறைய நான்கு லீற்றர் தண்ணீரில் கலந்து ஊற்றிச் சில நிமிடம் விடலாம். மரத்தில் குளோரின் அவ்வளவு பயன் தராது, மரமே அதைத் தின்றுவிடும். உப்பும் தேசிக்காயும் தேய்ப்பது வெறும் பழக்கமல்ல. மீன்வாடை தரும் பொருள் காரம், புளிப்பு அதை முறிக்கிறது. வாடை போய்விட்டதால் கிருமியும் போய்விட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரேயொரு பலகைதான் வைத்திருக்க முடியும் என்றால், முதலில் சம்பலுக்கு வெட்டுங்கள், பிறகு மீனுக்கு. இரண்டு வைக்க முடிந்தால், மீனுக்கும் இறைச்சிக்கும் நாலு விரல் தடிப்பில் ஒரு புளியங்குத்தி. பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்குச் சிறிய ரப்பர் மரப் பலகை. பெரிய கடைகளில் புளியங்குத்தி கிடைக்காது. பக்கத்து மரக்காலையில் கழிவுத் துண்டாகக் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.